வடக்குச் சுவர்க் கல்லின் காவல்காரி

ட்ராட்பாக் ஊர்த் தேவாலயத்தின் சாவியை முப்பத்து மூன்று ஆண்டுகள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தவள் ஒட்டிலி. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். உறவு ஒன்றும் கிடையாது என்றாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவள் யாரையாவது நம்பினாள் என்று சொல்ல ஊரில் ஒரு சாட்சியும் இல்லை.

பீடத்து அணையா விளக்குக்கான எண்ணெய்ப் புட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். வெளியே போகும்போது கதவிடுக்கில் ஒரு நூலைச் செருகிவிட்டுப் போவாள். திரும்பி வந்து நூல் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் துளையில் நுழைப்பாள். புதிய பாதிரியார் வந்து சேர்ந்த வாரம், இவர் உண்மையிலேயே பாதிரியார்தானா என்று கேட்டு ஆயர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இந்த முத்திரை நெசமாடா லோரென்ஸ்?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு ஆஃப்ராவோடு அவளுக்குப் பேச்சு நின்று இருபத்தேழு வருடம். வேலியோரத்து ப்ளம் மரத்தில் 1957இல் காணாமல் போன பழங்கள்தான் காரணம். ஆஃப்ரா எடுத்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. "பாக்கலைன்னா? அந்த வாரம் அவ வீட்டுல ப்ளம் கேக் வாசனை வந்துச்சே" என்பாள் ஒட்டிலி.

அவள் குடியிருந்தது தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டிய சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்பங்கரை, மேலே வைக்கோல் பரண். அது அவளுடைய சொந்த வீடு இல்லை. வாடகையும் கிடையாது. வடக்குச் சுவரோரம் வெளியே தரையில் பதிந்திருக்கும் கல்லைக் காப்பவர்கள் அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்பது ஊரின் பழைய ஏற்பாடு. அவளுக்கு முன் அவள் அப்பா கிலியான் இருந்தார். அவருக்கு முன் அவருடைய பெரியப்பா. கல்யாணம் ஆகாமல், கூட்டுறவு ஒயின் ஆலையில் புட்டி கழுவி, அறுபது வயதைத் தொட்டவளுக்குத் தலைக்கு மேல் இருந்த ஒரே கூரை அது.

அந்தக் கல்லின் கீழே படுத்திருப்பது கெர்வின் என்பது ஊரின் நம்பிக்கை. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பிரபுக்களின் கோட்டைகளுக்குப் போய்க் காதல் பாட்டுப் பாடித் திரிந்தவன். அவன் பாட்டுகளில் இன்று மிஞ்சியிருப்பவை ஆறு. தூரத்து நகரத்து நூலகம் ஒன்றில் தங்க மை பூசிய பழைய ஏடு இருக்கிறது. அதில் அவன் சிவப்பு அங்கியும் சுருட்டை முடியுமாய் ஒரு சீமாட்டியின் ஜன்னலுக்குக் கீழே நிற்கிற படமும் இருக்கிறது. இந்த ஆறு பாட்டையும் ஒரு படத்தையும் வைத்து எங்கள் ஊர் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டது, ஒயின் புட்டியில் லேபிள் ஒட்டிக்கொண்டது, பேருந்து நிறுத்தத்தில் பலகை மாட்டிக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோஸ்தால் ஊரும் கெர்வின் தங்களவன் என்றுதான் சொல்கிறது. இரண்டு ஊருக்கும் கால்பந்து நடந்தால் நடுவர் மூன்றாவது ஊரிலிருந்து வரவேண்டும்.

ஒவ்வோர் அக்டோபர் பதினாறாம் தேதியும், புனித கால்லுஸ் நாளன்று, பூசை முடிந்ததும் கல்லுக்கு ஒயின் ஊற்றுவது வழக்கம். அதற்கு முதல் நாள் ஒட்டிலி முழங்காலிட்டு, ஆற்று மணலும் சாம்பல் நீரும் போட்டு, முரட்டுத் தூரிகையால் கல்லைத் தேய்ப்பாள். மறுநாள் புது ஒயின் ஒரு ஜாடி நிறைய ஊற்றி, "குடி கெர்வின், வாயை மூடு" என்று சொல்வாள். தாகம் எடுத்தால் அவன் எழுந்து ஊரில் யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்று பாட ஆரம்பித்துவிடுவான் என்பது கதை. எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் யார் யார் என்பதை ஒட்டிலி பார்த்து வைத்துக்கொள்வாள்.

1984 மே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய கவிஞர்களின் கல்லறைகளைப் பற்றி ஒரு புத்தகம் தயாராகிறது, டாக்டர் ஃப்ராவ்கே என்பவர் கல்லைப் பார்வையிட வருவார் என்று அதில் இருந்தது. நான் அப்போது வரலாற்றில் பட்டம் வாங்கி, மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எங்கள் வீட்டில் திராட்சைக் கொடியைத் தவிர வேறு ஒன்றைப் படித்து முடித்தவன் நான்தான் என்பதால், ஊருக்குக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஒட்டிலியும் கொண்டுவந்தாள்.

"இவளை யாருடா அனுப்பினது?"

"பல்கலைக்கழகம், அத்தை. தலைப்பிலேயே போட்டிருக்கே."

"அது போட்டிருக்கும். அவளுக்குப் பின்னாடி யாரு? மோஸ்தால்காரனா, நம்ம மேயரா?"

மேயர் ஃபோல்க்மார்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அலுவலகம் வைக்க அந்த வீடு தோதானது என்று அவர் இரண்டு கூட்டங்களில் பேசியிருந்தார்.

"நீ படிச்சவன், கணக்குப் போட்டுப் பாரு" என்றாள். "கல்லு பொய்னு இவ எழுதினா, பொய்க் கல்லுக்குக் காவக்காரி எதுக்குன்னு மேயர் வீட்டைப் புடுங்குவான். கல்லு நெசம்னு எழுதினா, கவிஞன் வீடு, மியூசியம் வைக்கிறோம்னு வீட்டைப் புடுங்குவான். எப்படிப் போனாலும் நான் தெருவுல. இவ வரவே கூடாதுடா."

வராமல் இருக்க அவள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் பதில்களை எழுதியது நான். முதலில் தேவாலய வளாகத்தின் சாவி தொலைந்துவிட்டது என்று எழுதச் சொன்னாள். அடுத்து, வடக்குப் பக்கம் வௌவால் குட்டி போட்டிருக்கிறது, ஆள் நடமாடினால் தாய் ஓடிவிடும் என்று. மூன்றாவதாக, ஊரில் தொற்றுக் காய்ச்சல் என்று எழுதச் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன்.

"அரசாங்க வேலை பாக்கறேன், அத்தை. பொய் எழுதினா வேலை போயிடும்."

"வௌவாலுக்கு மட்டும் போகாதா?" என்றாள். அதன் பிறகு என்மேலும் சந்தேகம் வந்துவிட்டது என்று பார்வையிலேயே தெரிந்தது.

ஃப்ராவ்கே ஆகஸ்டில் வந்தாள். வடகோடிக் கடற்கரை ஊர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். கால்சட்டை, கையில் ஒரு தகரப் பெட்டி. ஒட்டிலி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அந்தச் சாட்சியையும் கண்காணிக்கத் தெரிந்தவள் அவள்.

"பெட்டியில என்ன?"

"விளக்கு, அளவு நாடா, மெல்லிய தூரிகை. வேற ஒண்ணும் இல்லைங்க."

"திற."

திறந்து காட்டினாள். ஒட்டிலி ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, வழி விட்டாள்.

கல்லைச் சுற்றி நடந்துகொண்டே ஃப்ராவ்கே கெர்வினின் பாட்டுகளைப் பற்றிப் பேசினாள். "எல்லாப் பாட்டுலயும் ஒரு காவக்காரன் வருவான், கவனிச்சிருக்கீங்களா? சீமாட்டியைச் சந்தேகக் கண்ணோட பாத்துக்கிட்டே இருப்பான். கெர்வின் அவனைத் திட்டாத பாட்டே கிடையாது. 'தூங்காத கண்ணு, அவிஞ்சு போக'ன்னு எல்லாம் பாடியிருக்கான்."

"பின்னே?" என்றாள் ஒட்டிலி. "அடுத்தவன் வீட்டுச் சுவரேறிக் குதிக்கறவனுக்குக் காவக்காரனைப் பிடிக்குமா? ஆறு பாட்டு. ஆறும் அடுத்தவன் பொண்டாட்டி மேல. இவனைப் போய் பள்ளிக்கூடத்துக்குப் பேரா வச்சிருக்கானுங்க."

ஃப்ராவ்கே வாய்விட்டுச் சிரித்தாள். ஒட்டிலி சிரிக்கவில்லை. சிரிக்க வைத்து ஏதாவது வாங்கப் பார்க்கிறாளோ என்று யோசித்திருப்பாள்.

பிறகு ஃப்ராவ்கே ஒரு கறுப்புத் துணி கேட்டாள். பகல் வெளிச்சத்தை மறைத்து, விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் தேய்ந்த கோடுகள் நிழலாகத் தெரியுமாம். தேவாலயத்தில் இருந்த ஒரே கறுப்புத் துணி சவப்பெட்டிக்குப் போர்த்துவது. ஒட்டிலி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்; கொடுத்த கையோடு துணியின் ஒரு நுனியை விடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அதற்குள் குனிந்தோம். விளக்கு எரிந்தது. கல்லின் மேல், கெர்வின் என்ற பெயரின் ஆறு ரோமன் எழுத்துகளும் பள்ளமாக, கூர்மையாக நின்றன. அவற்றைச் சுற்றிக் கல் முழுக்க வழவழவென்று, சோப்புக் கட்டியைப் போல இருந்தது.

ஃப்ராவ்கே விரலால் ஒரு எழுத்தின் உள்பக்கத்தைத் தடவினாள். "இந்தப் பேரு புதுசு. உளியோட வரி அப்படியே இருக்கு. அதிகம் போனா அறுபது வருஷம். கீழ இருந்த பழைய எழுத்து சுத்தமா அழிஞ்சு போச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இதை யார் வெட்டினாங்க?"

துணிக்குள் ஒட்டிலி முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு துணியை விலக்கிவிட்டு எழுந்தாள். "சொன்னா புத்தகத்துல பேரைப் போடுவியா?"

"போடமாட்டேன்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடு."

ஃப்ராவ்கே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். ஒட்டிலி பாதிரியாரைக் கூட்டிவந்து அடியில் கையெழுத்துப் போட வைத்தாள். தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கப்பா. 1930ல. கெர்வின் செத்து எழுநூறு வருஷம்னு திருவிழா வச்சாங்க. பெரிய மனுஷங்க எல்லாம் வரப்போறாங்க, கல்லைப் பாத்தா ஒரு கோடும் அரை வட்டமும்தான் இருக்கு. வாத்தியார் பென்சில்ல எழுதிக் கொடுத்தாரு, திராட்சைத் தோட்டத்துக்குச் சுவர் வைக்கிற உளியால எங்கப்பா வெட்டினாரு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாகறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட சொன்னாரு. பொய் சொல்லணும்னு பண்ணலை. காணாமப் போனதைத் திருப்பி வச்சோம்னுதான் நெனச்சாரு."

"காணாமப் போனது எப்படின்னு தெரியுமா?" என்று ஃப்ராவ்கே கேட்டாள். "இது சுண்ணாம்புக் கல். உங்க ஊரு ஒயின்ல புளிப்பு அதிகம். வருஷா வருஷம் ஒரு ஜாடி ஊத்தி, முந்தின நாள் மணல் போட்டுத் தேய்ச்சு... இருநூறு முந்நூறு வருஷம் மரியாதை செஞ்சு செஞ்சே அழிச்சிருக்கீங்க."

ஒட்டிலி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தூரிகை பிடித்துக் காய்த்துப்போன கைகள். கறுப்புத் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் ஃப்ராவ்கேயின் அறிக்கை வந்தது. கிலியான் பெயர் அதில் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். ஆனால் கல்லில் இருக்கும் பெயர் பிற்காலத்தது, கெர்வின் இங்கே புதைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று நேராக எழுதியிருந்தாள். ஊர் கொதித்தது. கூட்டுறவு ஆலையில் ஒட்டிலிக்குப் பக்கத்தில் நின்று புட்டி கழுவ யாரும் வரவில்லை. "எல்லாரையும் சந்தேகப்பட்டவ, உள்ள விடக்கூடாத ஒருத்தியை மட்டும் உள்ள விட்டுட்டா" என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மோஸ்தாலில் வாணவேடிக்கை விட்டதாகக் கேள்வி.

ஒரு வாரம் கழித்து நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் துறையிலிருந்து உத்தரவு வந்தது. கல்லின்மேல் ஒயினோ வேறு திரவமோ ஊற்றக் கூடாது. அந்த உத்தரவைக் கேட்டு விண்ணப்பம் போட்டது யார் என்று ஒட்டிலி என்னைக் கேட்டாள். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் விண்ணப்பம் எங்கள் அலுவலகம் வழியாகப் போனது, அடியில் இருந்த கையெழுத்து மேயருடையது. சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் சந்தேகத்துக்கு ரசீது கிடைத்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேயர் நேரிலேயே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பாருங்கம்மா, கல்லு கவிஞனோடது இல்லைன்னு ஆயிடுச்சு. ஒயினும் ஊத்தக் கூடாது. அப்புறம் காவல் எதுக்கு? முதியோர் இல்லத்துல ஜன்னலோரமா நல்ல அறை பாத்து வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீங்களா? எப்ப பாத்தீங்க? அறிக்கை வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேயர் இருமினார். "இந்த வீடு உங்களுக்குன்னு ஏதாவது தாள் இருந்தா காட்டுங்க. இல்லைன்னா கால்லுஸ் நாளோட ஊரு எடுத்துக்கும்."

அவர் போன பிறகு ஒட்டிலி அடுப்பங்கரை மேல்தட்டிலிருந்து ஒரு மாவு டப்பாவை இறக்கினாள். மாவுக்குள்ளிருந்து மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு தாளை எடுத்தாள். பழைய கையெழுத்து, காய்ந்த முத்திரை. சுவீடன் படை வந்து ஊரைச் சூறையாடிப் போன பிறகு, 1662இல் எழுதியது. எவனிடமும் காட்டாதே, படிக்கத் தெரிந்தவன் வீட்டை எடுத்துக்கொள்வான் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தாராம். அதனால் அவளும் படித்ததில்லை, படிக்கக் கொடுத்ததும் இல்லை.

"நீ படி" என்றாள். நீட்டிய தாளின் மறுமுனையை அவள் விடவில்லை.

பழைய கையெழுத்துப் படிக்க நான் இரண்டு பருவம் முழுதாகச் செலவழித்துக் கற்றவன். படித்துச் சொன்னேன். அந்தத் தாளில் கெர்வின் என்ற பெயரே இல்லை. பாட்டுக்காரன் என்றோ கவிஞன் என்றோ ஒரு சொல்லும் இல்லை. வடக்குச் சுவரோரக் கல்லைச் சுத்தமாக வைத்திருப்பவர் இந்த வீட்டில் இருக்கலாம் என்று இருந்தது. புனித கால்லுஸ் நாளன்று நண்பகல் மணிக்குள், அந்தக் கல்லருகே வந்து, நான் ஏழை என்று சொல்லிக் கேட்கும் இவ்வூர் ஆள் ஒருவருக்குப் புது ஒயின் ஒரு ஜாடி கொடுக்கவேண்டும் என்றும் இருந்தது. கொடுக்காவிட்டால், கேட்க ஆள் வராமல் போனாலும், வீடு ஊருக்கு. கல்மேல் ஊற்றுவதைப் பற்றி எங்கேயும் இல்லை.

"நீ என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற" என்றாள்.

தாளை எடுத்துக்கொண்டு பாதிரியாரிடம் போனாள். அவர் படிக்கும்போது என்னை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தாள். அதே வாரம் ஃப்ராவ்கேவுக்குப் போன் போட்டு வரச்சொல்லி, அவளைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகு, "மூணு பேரும் முன்னாடியே பேசி வச்சிருந்தா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடங்கினாள்.

ஒயின் எப்படிக் கல்லுக்குப் போனது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ட்ராட்பாக்கில் எவன் ஊர் நடுவில் நின்று நான் ஏழை என்று சொல்வான்? கடன் வாங்கியாவது பூசைக்குப் புதுக் கோட்டு தைத்துப் போடுகிற ஊர் இது. கூரை ஒழுகினால் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் வைப்போம். இந்த ஊர்ப் பையனான நானே, பல்கலைக்கழகத்தில் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்த நாட்களில், பசிக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏதோ ஒரு வருடம் கல்லருகே யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஜாடியை என்ன செய்வது என்று தெரியாமல் காவல்காரர் கல்லிலேயே கொட்டியிருப்பார். கொட்டியதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கும். குடிக்கிறவன் ஒருவன் கீழே வேண்டியிருந்திருக்கும். அப்படித்தான் கெர்வின் எங்கள் ஊருக்கு வந்து படுத்திருப்பான் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

தேவாலயத்தின் பங்குப் பேரவை கூடிப் பேசியது. போன வருடங்கள் போனதுதான், இந்த வருடத்திலிருந்து தாளில் உள்ளபடி நடக்கவேண்டும் என்று முடிவானது. மேயர் உடனே ஒப்புக்கொண்டார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. எங்கள் ஊரை அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அக்டோபர் பதினாறு, செவ்வாய்க்கிழமை. பூசைக்கு வராதவர்கள்கூட வடக்குச் சுவரோரம் வந்து கூடியிருந்தார்கள். ஒட்டிலி தன் நல்ல கறுப்பு உடையில், இரண்டு லிட்டர் மண் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லின் தலைப்பக்கம் நின்றாள். பாதிரியார் தாளில் இருந்ததை உரக்கப் படித்தார். மணி பதினொன்று பத்து.

யாரும் நகரவில்லை. எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

பதினொன்றரைக்கு, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேயரே, நீங்க குடிங்க! ஓட்டுக் கேட்டு வந்தப்ப ஏழை வீட்டுப் பிள்ளைன்னுதானே சொன்னீங்க!"

சிரிப்பு எழுந்தது. மேயரும் சிரித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க போங்களேன்" என்று ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார்.

"நான் எதுக்குடா போகணும்? போன மாசம்தான் டிராக்டர் வாங்கியிருக்கேன்."

"அது பேங்க் டிராக்டர்."

"உன் மாடு யாருது?"

ஒட்டிலி யாரையும் கெஞ்சவில்லை. கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரைப் பற்றியும் வாழ்நாள் முழுக்கத் தான் நினைத்தது சரிதான் என்று எண்ணிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நானும் அங்கேதான் நின்றேன். என் கால் எழவில்லை. சட்டைப் பையில் மாவட்ட அலுவலக அடையாள அட்டை இருந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வேலிப் பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆஃப்ரா. நல்ல உடைகூடப் போட்டிருக்கவில்லை. மேலங்கியில் மாவு ஒட்டியிருந்தது. கையில் காதுடைந்த பீங்கான் குவளை. கூட்டம் விலகியது. கல்லின் கால்பக்கம் வந்து நின்றாள்.

"நான் ஏழை" என்றாள் உரக்க. பிறகு திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "என்ன பாக்கறீங்க? போன குளிர்காலம் பூரா ஒரே அறையிலதான் அடுப்பு எரிச்சேன். புருஷன் பென்ஷன் இருபதாம் தேதிக்கு மேல தாங்காது. எவனுக்காவது தெரியுமா? தெரியும். கேட்டீங்களா? கேக்கலை. இவளை மட்டும் வேடிக்கை பாக்க வந்துட்டீங்க." ஒட்டிலி பக்கம் குவளையை நீட்டினாள். "ஊத்துடி."

ஒட்டிலி ஊற்றவில்லை. ஜாடி சாய்ந்தது, நின்றது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அவள் ஆஃப்ராவிடம் பேசிய முதல் வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது.

"எதுக்குடி இது?"

"எதுக்குன்னா?"

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"ரெண்டு லிட்டர் ஒயின்."

"வேற?"

"வேற என்ன வேணும் உனக்கு? நீ போயிட்டா அந்த வீட்டுல பஸ் பஸ்ஸா ஆளுங்க வந்து நிப்பாங்க, என் வேலியோரம் மூத்திரம் பெய்வாங்க. அதுக்கு நீயே இருந்து தொலை. மணி அடிக்கப் போகுது, ஊத்து."

மேயர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஒரு நிமிஷம். உங்களுக்குச் சொந்த வீடு இருக்கும்மா. ஏழைங்கிறது எப்படி..."

"மேயர் சார்" என்றார் பாதிரியார், தாளைப் பார்த்தபடியே. "ஏழைன்னு சொல்லிக் கேக்கணும்னுதான் இருக்கு. நிரூபிக்கணும்னு இல்லை."

ஒட்டிலி ஊற்றினாள். குவளை நிறைந்து ஆஃப்ராவின் விரல்களில் வழிந்தது. ஒரு சொட்டுகூடக் கல்லில் விழாதபடி ஆஃப்ரா மேலங்கியைக் கீழே பிடித்துக்கொண்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். இரண்டாவது குவளை பாதி இறங்கும்போது மேலே நண்பகல் மணி அடித்தது. மேயர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார். கூட்டமும் கலைந்தது. போகிறபோது ஆஃப்ராவின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்; மறுநாளிலிருந்து ரொட்டிக் கடையில் எந்தப் பெயரால் அவளைக் குறிப்பிடப் போகிறார்கள் என்பது அந்தப் பார்க்காமையிலேயே தெரிந்தது.

அடுத்த வருடமும் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. கெர்வின் இங்கே இல்லை என்று பலகை எழுதி மாட்டிய பிறகு முன்பைவிட அதிகமாகவே வந்தன. ஒட்டிலி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அன்று மதியம் அவளுக்கு அதெல்லாம் தெரியாது. காலி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆஃப்ரா பக்கத்தில் உட்கார்ந்து, சிவந்த முகத்தோடு குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கறுப்பு ஷூவை மாற்றிக்கொண்டு, கூட்டத்தின் காலடியில் வந்து சேர்ந்த மணலைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊரு உன்னை இனிமே என்னன்னு பேசும், தெரியுமா?" என்று ஒட்டிலி கேட்டாள்.

"தெரியும்."

"அடுத்த வருஷம் கால்லுஸ் நாளுக்கு எவ வருவா?"

ஆஃப்ரா எழுந்து மேலங்கியை உதறினாள்.

"கவலைப்படாத. அடுத்த வருஷமும் நான் ஏழைதான்."